மஞ்சள் கட்டாத ஒருவன்

அத்தியாயம் 9

'நீலச் சட்டை ஒன்று. காக்கிக் கால்சட்டை ஒன்று. ஜெபமாலை ஒன்று.'

இன்ஸ்பெக்டர் காப்ரியல் அந்த வரிகளை மூன்றாவது முறையாகப் படித்தார். கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனின் லாக்கப் புத்தகம் அது. பிடிபட்டவன் உடம்பில் என்னென்ன இருந்தன என்று அதில் எழுதி வைப்பது வழக்கம். எழுதியதை அப்புறம் யாரும் புரட்டிப் பார்க்காததும் வழக்கம். இருபத்து மூன்று நாளாக அந்தப் புத்தகம் அவர் மேஜையிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் கிடந்தது.

மேஜைக்கு எதிரே, பிடிபட்ட ராஃபேலின் மனைவி ஃப்ளோரா நின்றிருந்தாள். நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

"படிச்சிட்டீங்களா சார்?"

"படிச்சேன்."

"பால்மரக் காட்டுலேர்ந்து நேரா இழுத்துக்கிட்டு வந்தீங்க. சட்டை மாத்த அவருக்கு நேரமே இல்ல. போட்டிருந்தது நீலம். ஒங்க சாட்சி பாத்தது சாம்பல் வெள்ளைன்னு ஸ்டேஷன்ல எழுதற கிராணி காகிதத்தைப் படிச்சுச் சொன்னாரு. நீலம் எப்படி சார் வெள்ளையாவும்?"

அவள் கேள்வியைவிட அந்த 'சார்' காப்ரியலை அதிகமாகக் குத்தியது. போன மாதம் வரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் "அண்ணே, வீட்டுல சொகமா?" என்று கேட்டவள் இவள்.

"திங்கக்கெழம கோர்ட்டு. இன்னைக்கு சனி. அவ்வளவுதான் சார் நான் சொல்ல வந்தது" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிற உத்தேசம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

வழக்கு சின்னதுதான், தண்டனைதான் பெரியது. பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் இருந்த ரெமிஸ் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலை, தொழிலாளர் லயங்களைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியோரம் எவனோ ஒருவன் குனிந்து, ஒரு பொட்டலத்தை வெளியே தள்ளினான். வெளியே இருந்த கை அதை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தது. போலீஸ் போய்ப் பார்த்தபோது சிந்திய அரிசியும் ஒரு பூட்ஸ் தடமும் மிச்சம். மலாயாவில் அது எமர்ஜென்சி காலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்கு அரிசி கொடுத்தவனுக்குத் தூக்கு. நீதிபதி அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் ஆயுள்.

பார்த்தவன் ஒரே ஒருவன், கேட் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரன். தோட்டத்துத் துரையின் இரும்புத் தகடு போட்ட கார் காலை ஆறு நாற்பதுக்கு அந்தக் கேட்டைத் தாண்டும். அப்போது துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்து சல்யூட் வைக்க வேண்டும். தலையையோ கண்ணையோ திருப்பக் கூடாது. அந்த நேரத்தில்தான் அந்த ஆள் இடது கடைக்கண்ணில் பட்டான். முகம் தெரியவில்லை. போர்த்தியிருந்தது சாம்பல் வெள்ளை என்றான்.

அங்கேதான் நம் காப்ரியலின் மூளை குதிரையாகப் பறந்தது. ரெமிஸ் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டிவிட்டால், தீமிதி முடியும்வரை பால் வெட்டப் போகிறவர்கள்கூட மஞ்சள் துணி போர்த்தித்தான் போவார்கள். அன்று காலை அந்தக் கேட் வழியாக வேலைக்குப் போனவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் மஞ்சள். மஞ்சள் கட்டாத ஒருவன், வேதக்காரன் ராஃபேல். அப்படியானால் சாம்பல் வெள்ளை யார்?

மேலதிகாரி முதுகில் தட்டினார். 'தன் சர்ச்சுக்காரன் என்றும் பாராமல் பிடித்தான் பார்' என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதுக்கு வந்தபோது காப்ரியலுக்கு இனித்தது. இப்போது அதை நினைத்தால் வாயில் வேப்பெண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது.

"முருகையா, ஜீப்பை எடு."

கார்ப்பரல் முருகையா வாயிலிருந்த பல்குச்சியைத் துப்பிவிட்டு எழுந்தான். நாற்பது வயது, தொப்பை முப்பத்தெட்டு அங்குலம், வாய் அதைவிட அகலம்.

"ஐயா ஓட்டலையா? முன்னெல்லாம் ஸ்டேரிங்கத் தொட விடமாட்டீங்க. அஞ்சு வாரமா என் தலையில கட்டிட்டீங்க. அந்த எருமை குறுக்க வந்ததுலேர்ந்து ஐயாவுக்கு எருமைன்னாலே பயம்லா."

"பேசாம ஓட்டு."

ஜீப்பின் இடப்பக்கத் தகடு இன்னும் நசுங்கியபடியே இருந்தது. காப்ரியல் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறினார். வழியில் ஒரு சீனர் கடையில் நிறுத்தச் சொல்லி, ஒரு மைலோ சத்துமாவு டின் வாங்கினார்.

"வீரனுக்கா?" என்றான் முருகையா. "இது நாலாவது டின். நானும்தான் ஒங்ககிட்ட ஏழு வருசமா இருக்கேன். ஒரு ஸ்பூன் கண்டதில்ல."

"அவன் பொய் சொல்றானா, முருகையா?"

"வீரனா? அவனுக்குப் பொய் சொல்ல வராதுங்கையா. போன வருசம் துரை, 'என் பொண்டாட்டி பாடினது எப்படி?'ன்னு கேட்டப்ப, 'காது வலிக்குதுங்க தொரை'ன்னவன் அவன்."

"யாராவது காசு கொடுத்திருந்தா?"

"காசு வாங்கறவன் நல்ல பொய்யா சொல்லுவான். மஞ்சள் கூட்டத்துக்கு நடுவுல சாம்பல் வெள்ளைங்கற பொய்யை எவன் யோசிப்பான்?"

அது காப்ரியலுக்கும் சரியென்றே பட்டது. காசு இல்லை, பகை இல்லை, பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் வெளியே தேடவேண்டியது ஒன்றுமில்லை. பார்த்தவனையேதான் பார்க்க வேண்டும்.

ரெமிஸ் தோட்டத்து கேட்டில் வீரன் விறைப்பாக நின்றான். ஒல்லி உடம்பு, பெரிய துப்பாக்கி. மைலோ டின்னைக் கொடுத்ததும் வழக்கம்போலக் கூசிப்போனான்.

"எதுக்குங்கையா இதெல்லாம்."

அவன் டின்னை வாங்கியவிதத்தை காப்ரியல் கவனித்தார். இடக்கையில் வாங்கினான். லேபிளைப் பார்க்க, கையை உடம்புக்குக் குறுக்கே வலப்பக்கமாகக் கொண்டுபோனான். இதற்கு முன் மூன்று டின் கொடுத்தபோதும் இப்படித்தான் செய்திருப்பான். அப்போதெல்லாம் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், கொடுத்தவுடன் ஜீப்பில் ஏறிவிடுவார்.

"வீரா, திங்கக்கெழம கோர்ட்டுல கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. அன்னைக்கு நடந்ததை ஒரு தடவை நடத்திப் பாத்துக்குவோம். நான்தான் துரை. ஜீப்புல உள்ள வருவேன். நீ சல்யூட் வெச்சு நில்லு. கண்ணு என் மேலேயே இருக்கணும்."

"சரிங்கையா."

முருகையாவை மாரியம்மன் கோயில் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார். பத்து நிமிடத்தில் பூசாரியிடமிருந்து ஒரு மஞ்சள் வேட்டி வந்தது. முதலில் காப்ரியல் தம்மையே சோதித்துக்கொண்டார். கோயில் மணியை வெறித்தபடி நின்றார். முருகையா வேட்டியைப் போர்த்திக்கொண்டு இடப்பக்கம் பத்தடி தள்ளிக் குனிந்தான்.

"தெரியுதுங்களா?"

"ஒன் மூஞ்சி தெரியல. மஞ்சள் நல்லா தெரியுது."

"மூஞ்சி தெரியாட்டியும் ஒண்ணும் நட்டமில்ல. நாப்பது வயசுல இப்படி மஞ்சளும் தொப்பையுமா நிக்கிறேன், எவனாவது கொழுக்கட்டை படைச்சிடப்போறான்."

முருகையா வேலியோரத்து ரப்பர் மரத்தின் பின்னால், வீரனுக்கு இடப்பக்கமாகப் பதுங்கினான். இனி ஜீப்பை ஓட்ட ஆள் இல்லை. காப்ரியலே ஓட்டியாக வேண்டும். அரைப் பர்லாங்கை முதல் கியரிலேயே கடந்தார். குழந்தை நடக்கிற வேகம்.

வீரன் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே தூக்கினான். கண்கள் ஆடவில்லை. மரத்தின் பின்னாலிருந்து முருகையா வந்து குனிந்தான், நிமிர்ந்தான், மறைந்தான்.

ஜீப் நின்றது. "யாராவது தெரிஞ்சாங்களா?"

"தெரிஞ்சாங்கையா. மரத்துக்கிட்ட. வயித்தைப் பாத்தா கார்ப்பரல் ஐயா மாதிரி இருந்துச்சு."

"என்ன போத்தியிருந்தாரு?"

"வேட்டிங்க. வெள்ளை. கொஞ்சம் சாம்பலு."

காப்ரியல் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "இன்னொரு தடவை" என்றார். இந்த முறை முருகையா கேட்டுக்கு மறுபக்கம், வீரனுக்கு வலப்பக்கம் போய் ஒளிந்தான். ஜீப் மறுபடி ஊர்ந்து வந்தது. மறுபடி சல்யூட்.

"இப்ப?"

"அவரேதாங்க. வேட்டியை மாத்திட்டாரு. இப்ப மஞ்சள்."

முருகையா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். அவன் தோளில் அந்த ஒரே வேட்டிதான் கிடந்தது. வீரன் அதைப் பார்த்தான். பிறகு தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பினான். வேட்டி அவன் பார்வையின் இடப்பக்கத்துக்குப் போனது. திரும்பவும் நேராகப் பார்த்தான்.

"பொய் சொல்றவன் ரெண்டு பக்கமும் ஒரே பொய்யைத்தான் சொல்லுவான்" என்றான் முருகையா. இந்தமுறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"நான் பொய் சொல்லலைங்கையா" என்றான் வீரன்.

"தெரியும். எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாங்க. இந்தப் பக்கம் எல்லாமே வெளுத்துக் கெடக்கும். டவுனுல காட்டுற சினிமாப் படம் மாதிரி. உருவம் இருக்கும், கலர் இருக்காது. ஒரு செவப்புத் துணியை நேராப் பாத்தா பாதி செவப்பு, பாதி சாம்பலு. பழகிப்போச்சுங்க."

முருகையா ஓடிப்போய் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் நாகமணியை அழைத்து வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிடம் கேட்டுக்குப் பக்கத்தில்தான். நாகமணி கண் இமையை விரித்துப் பார்த்தார், விரலை ஆட்டிப் பார்த்தார், பிறகு வீரனின் தொப்பியைக் கழற்றி, பின்மண்டையைத் தடவினார். வலப்பக்கம் விரல் நின்றது.

"இங்க தழும்பு இருக்கு. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, இன்ஸ்பெக்டர். கண்ணு பாக்குறதை மண்டைக்குள்ள பிரிச்சு, கலர் கொடுக்கற எடம் ஒண்ணு இருக்கு. வலப்பக்கம் அடிபட்டா இடப்பக்கத்துக் கலர் போயிடும். ஜப்பான்காரன் காலத்துல துப்பாக்கிக் கட்டையால அடி வாங்குன ஒருத்தனை இப்படிப் பாத்திருக்கேன்."

"இதைக் கோர்ட்டுல சொல்வீங்களா?"

"சொல்லலாம். ஆனா அடிபட்டதுக்கு ஒரு பதிவு வேணுமே. என் ரிஜிஸ்தர்ல வீரன் பேரே இல்ல. பதிவு இல்லாம போய் நின்னா, சாட்சிக்காரன் கடைசி நேரத்துல பேச்சை மாத்துறான்னு சர்க்கார் வக்கீல் தூக்கிப் போட்டுடுவான். ராஃபேல் கதை அதோட முடிஞ்சுது." நாகமணி வீரன் பக்கம் திரும்பினார். "எங்கப்பா அடிபட்ட? எப்ப?"

வீரன் காப்ரியலை ஒரு முறை பார்த்தான். ஒரே ஒரு முறைதான். பிறகு குனிந்துகொண்டான்.

"லயத்துப் படியில வழுக்கி விழுந்துட்டேங்க."

"யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கலைங்க."

பொய் சொல்லத் தெரியாதவன் என்று முருகையா சொன்னது சரிதான். அந்தப் பொய் காதுவரை சிவந்து அவன் முகத்தில் நின்றது. அது யாருக்காகச் சொன்ன பொய் என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர், பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்தார் என்பதை மறைப்பானேன். கழுத்து இன்னொருவனுடையது, பதவி தன்னுடையது. மனிதமனம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் செய்கிறது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஞாபகம் வந்தது.

"படியில இல்ல, நாகமணி" என்றார் காப்ரியல். "என் ஜீப்புல."

முருகையா திரும்பிப் பார்த்தான்.

"அஞ்சு வாரத்துக்கு முந்தி, தஞ்சோங் காராங்ல எங்க சொந்தக்காரங்க வீட்டு ஞானஸ்நான விருந்து. சர்க்கார் ஜீப்பை எடுத்துக்கிட்டு, இவனைக் காவலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மூணு கிளாஸ் ஸ்டவுட் பீர் குடிச்சேன். திரும்பி வர்றப்ப வாய்க்கால் கரையில ஜீப்பைக் கவுத்துட்டேன். இவன் தலை கல்லுல மோதி, ஒரு மணி நேரம் பேச்சில்லாம கெடந்தான்."

"அப்ப எருமை?" என்றான் முருகையா.

"எருமையே வரல. ரிப்போட்டுல அதைக் குறுக்க ஓட்டி விட்டது நான்தான். யாருக்கும் காயமில்லைன்னும் எழுதினேன்."

வீரன் தயங்கித் தயங்கிப் பேசினான். "ஐயாவைக் குத்தம் சொல்லலைங்க. சாட்சி எழுதின அன்னைக்கு நீங்க, 'மஞ்சளா இருக்குமோ, நல்லா யோசிச்சுச் சொல்லு'ன்னு கேட்டீங்க. எனக்கு அப்பவே மனசுல சந்தேகம் தட்டுச்சு. அதைச் சொல்லணும்னா தலையில அடிபட்டதைச் சொல்லணும். எழுதிக்கிற கிராணி பக்கத்துல இருந்தாரு. அடிபட்டதை உசிரே போனாலும் யாருகிட்டயும் சொல்லாதன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அதான் சாம்பல்தான்னு சொல்லிட்டேன்."

காப்ரியல் ஜீப்பின் நசுங்கிய தகட்டில் கையை ஊன்றிக்கொண்டார். லாக்கப் புத்தகத்தைப் படிக்காதது ஒரு தப்பு. மஞ்சளை வைத்துக் கணக்குப் போட்டு மார்தட்டியது இன்னொரு தப்பு. அவை மறந்ததும் அவசரப்பட்டதும். இது வேறு. ராஃபேலின் கழுத்துக்குக் கயிறு திரித்தது, வாய்க்கால் கரையில் நின்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அது கயிறாகும் என்று தெரியாமல் ஓர் அப்பாவி அந்த வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறான்.

"என்னை மன்னிச்சிடு வீரா" என்றார். வீரன் மைலோ டின்னைத் திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்பதுபோல் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் முருகையாதான் ஓட்டினான். ஆற்றுப் பாலம் வந்தபோது சொன்னான்.

"ஐயா, இதை எழுதினா தோள்ல இருக்கற நட்சத்திரம் போயிடும்."

"போகட்டும்."

"வேலையும் போகலாம்."

"எழுதினாத்தான் வீரனுக்கு வேலை நேரத்துல அடிபட்டதுன்னு வைத்தியம் கெடைக்கும். துப்பாக்கியை வாங்கினாலும் சும்மா வெரட்ட மாட்டாங்க. அஞ்சு வாரமா அதையும் நான்தான் தின்னுட்டேன்."

முருகையா கியரை மாற்றினான். "அப்ப நாப்பது மஞ்சள் துணியும் திரும்ப நம்ம லிஸ்டுக்கு வந்துடுச்சு. ஆனா ஒண்ணுங்கையா. அந்த அரிசிக்காரன் வீரனோட கண்ணை நம்பல, சல்யூட்டைத்தான் நம்பியிருக்கான். தொரையோட இரும்புத் தகடு காடி தாண்டுற நேரத்துல வீரன் தலை திரும்பாதுன்னு கணக்குப் போட்டிருக்கான். நாப்பது பேர்ல தினமும் அந்த நேரத்துல பின்தங்கிப் போறவன் எவன்னு தேடணும்."

"தேடு. எனக்குப் பதிலா வர்றவர்கிட்டயும் இதை மறக்காம சொல்லு."

டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகி, தன் பெயர், பதவி, தேதி எல்லாம் அடித்தார். அடுத்த வரியில் 'ஜீப்பைக் கவிழ்த்தவன் நானே' என்று அடிக்க நெடுநேரமானது. அதற்கப்புறம் நிற்கவில்லை. ஸ்டவுட்டையும் எழுதினார், ஒரு மணி நேரத்தையும் எழுதினார், சாட்சி வாயை அடைத்ததையும் எழுதினார். லாக்கப் புத்தகத்தின் நகலோடு நாகமணி எழுதித் தந்த காகிதத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கோர்ட்டும் ராஃபேலை வைத்திருந்த ஜெயிலும் இருந்த கோலாலம்பூருக்கு அதைக் கொண்டுபோக முருகையா வாசலில் ஜீப்பைத் தயாராக வைத்திருந்தான்.

ஃப்ளோரா பெஞ்சில் அப்படியே இருந்தாள். காப்ரியல் அவள் எதிரே நின்று, அந்த இங்கிலீஷ் காகிதத்தை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னார். முடிந்ததும் கேட்டாள்.

"அப்ப அவரு வந்துடுவாரா?"

"சாட்சி நிக்காது. திங்கக்கெழம விட்டுடுவாங்கன்னுதான் நம்புறேன்."

"இருவத்து மூணு நாளா ஒங்களுக்கு இது தெரியுமா?"

"ஜீப் கவுந்தது தெரியும். அதனால இப்படி ஆச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவரால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். காணாமல்போன ஒரு பொருளைத் தேடுகிறவளைப்போல் அவர் முகத்தில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை போலிருந்தது.

"அந்த நீலச் சட்டையைக் கொடுத்தீங்கன்னா தொவச்சு எடுத்துட்டுப் போவேன்" என்றாள். "அழுக்கோட அவரு வெளிய வரக் கூடாது."

காப்ரியலே போய் லாக்கப் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து வந்தார். பால் கறை பட்டு விறைத்திருந்தது. நல்ல நீலம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நீலம்தான். இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

"ஃப்ளோரா" என்று கூப்பிட்டார். அவள் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். அதைக் கேட்டு அவளையும் ஒரு பதில் சொல்ல வைப்பது இன்னொரு பாவம் என்று தோன்றியது.

"கோலாலம்பூருக்கு முருகையா ஜீப் போவுது. நீயும் ஏறிக்கோ."

"வேணாம் சார்" என்றாள் அவள். "நான் பஸ்ஸுலேயே போயிக்கிறேன்."